ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைத் தொழில் மண்டலத்தில் பசுமைக்குடில் வாயுச் செறிவை அளவிடல்: முறைகளும் பொருள்கொள்ளலும்

ஆய்வுச்சுருக்கம்

பெருநகர் ஒன்றின் மேலுள்ள காற்றில் பசுமைக்குடில் வாயுக்களின் செறிவை அளப்பதும், அச்செறிவிலிருந்து அந்நகரின் உமிழ்வைக் கணிப்பதும் வெவ்வேறான இரு பணிகள். முன்னது கருவியைச் சார்ந்தது. பின்னது காற்றின் ஓட்டத்தையும் கலப்பையும் நிலத்தின் இயல்பையும் சார்ந்தது. பெங்களூருப் பெருநகரை அடுத்து, தமிழ்நாடு – கர்நாடக எல்லையில் அமைந்த ஓசூர் – கிருஷ்ணகிரித் தொழில் மண்டலத்தைக் களமாகக் கொண்டு இவ்விரு பணிகளுக்கும் இடையிலான தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது. எல்லைப்படலத்தின் உயரம், காற்றழுத்தம், ஐசோடோப்பு விகிதம், ஆற்றுவழிக் கழிவுநீர் ஆகியவை அளவீட்டின் பொருளை எவ்வாறு மாற்றுகின்றன என்பது எளிய கணக்கீடுகளின்வழிக் காட்டப்படுகிறது. மாநில எல்லையை அடிப்படையாகக் கொண்ட உமிழ்வுக் கணக்கு இம்மண்டலத்தில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடும் அதற்கேற்ற நிலைய அமைப்பும் இறுதியில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பசுமைக்குடில் வாயு, செறிவு, உமிழ்வு, எல்லைப்படலம், ஐசோடோப்பு, மீத்தேன், ஓசூர், தென்பெண்ணை.

முன்னுரை

1958ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் டேவிட் கீலிங் தொடங்கிய தொடர் அளவீடே வளிமண்டலக் கார்பன் டை ஆக்சைடு பற்றிய இன்றைய அறிவின் அடித்தளம் எனலாம். அவ்வாண்டில் மில்லியனில் ஏறத்தாழ 315 பகுதியாக (பி.பி.எம்.) இருந்த செறிவு, 2024இல் ஆண்டுச் சராசரியில் 420ஐக் கடந்துவிட்டது. தொழிற்புரட்சிக்கு முந்தைய மதிப்பு ஏறத்தாழ 280 ஆகும். இவ்வுயர்வைக் கண்டறியக் கீலிங் வேண்டுமென்றே தேர்ந்தது நகரங்களுக்கும் காடுகளுக்கும் தொலைவிலுள்ள இடத்தை. உலகப் பொதுநிலையை அறிவதே அவர் நோக்கமாதலின் உள்ளூர்ச் செல்வாக்கை அவர் விலக்க வேண்டியிருந்தது.

நகர்ப்புற அளவீட்டின் நோக்கம் இதற்கு நேர்மாறானது. கீலிங் விலக்கியதையே இங்குத் தேட வேண்டியுள்ளது. புதைபடிவ எரிபொருளிலிருந்து வெளியாகும் கார்பன் டை ஆக்சைடின் பெரும்பங்கு நகரங்களையும் அவற்றைச் சூழ்ந்த தொழிற்பகுதிகளையும் சார்ந்தது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் 2070ஆம் ஆண்டுக்குள் நிகரச் சுழிய உமிழ்வை எட்டுவதாக இந்தியா அறிவித்தது. இத்தகைய உறுதிமொழிகள் எரிபொருள் விற்பனை, மின்நுகர்வு முதலிய புள்ளிவிவரங்களிலிருந்து கணக்கிடப்படும் உமிழ்வுப் பட்டியலை நம்பியே செயற்படுகின்றன. அப்பட்டியல் உண்மைக்கு எவ்வளவு நெருங்கியது என்பதைச் சரிபார்க்கும் சான்று காற்றிலேயே உள்ளது. பன்னாட்டு அரசுகளுக்கிடையிலான காலநிலை மாற்றக் குழுவின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டித் திருத்தமும் வளிமண்டல அளவீட்டோடு பட்டியலை ஒப்பிடும் முறைக்கு விரிவான இடம் தந்துள்ளது.

ஆயினும் நம் நாட்டின் காற்றுத்தர ஏற்பாடு இதற்காக அமைந்ததன்று. 2009 நவம்பர் 18 அன்று அறிவிக்கப்பட்ட தேசியச் சுற்றுப்புறக் காற்றுத்தர நெறி 12 மாசுகளைப் பட்டியலிடுகிறது. நுண்துகள், கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன், கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, காரீயம் போன்றவை அதில் உள்ளன. கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் இல்லை. மூச்சுக்குத் தீங்கு செய்வன எவை என்ற நோக்கில் அமைந்த பட்டியல் அது. எனவே தொழிற்பேட்டை ஒன்றில் காற்றுத்தர நிலையம் இயங்குகிறது என்பதால் மட்டும் அங்குப் பசுமைக்குடில் வாயுக்கள் அளக்கப்படுகின்றன எனக் கொள்ளலாகாது.

1. கலைச்சொல் தெளிவு

தமிழில் இத்துறைச் சொற்கள் இன்னும் நிலைபெறவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் இதழ்களிலும் பசுமை இல்ல வாயு, பசுமைக்குடில் வாயு, பைங்குடில் வளி என்பன வழங்குகின்றன. இலங்கைத் தமிழில் பச்சைவீட்டு வாயு என்பது பெருவழக்கு. கார்பன் டை ஆக்சைடு ஈண்டுக் கரியமில வாயு எனவும், இலங்கையில் காபனீரொட்சைட்டு எனவும் பெயர் பெறும். இக்கட்டுரை பசுமைக்குடில் என்பதை ஏற்கிறது. ஓசூர் வட்டாரத்தில் ரோசா முதலிய கொய்மலர்கள் வளர்க்கப்படும் நெகிழித்தாள் போர்த்திய கட்டமைப்பை உழவர் பசுமைக்குடில் என்றே அழைப்பதால், இச்சொல்லுக்கு அம்மண்ணில் கண்கூடான பொருள் உண்டு.

பெயர் வேறுபாட்டினும் கருத்து மயக்கமே மிகுந்த தீங்கு பயப்பது. *செறிவு* என்பது குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் உலர்காற்றின் மூலக்கூறுகளுள் ஒரு வாயுவின் பங்கு. *உமிழ்வு* என்பது குறித்த பரப்பிலிருந்து குறித்த காலத்தில் வெளியேறும் அளவு. முன்னது நிலை, பின்னது ஓட்டம். ஏரியின் நீர்மட்டத்தை மட்டும் கண்டு அதில் விழும் வாய்க்காலின் ஓட்டத்தைச் சொல்ல இயலாததுபோல், செறிவை மட்டும் கொண்டு உமிழ்வைச் சொல்ல இயலாது. செறிவு மிகுந்தது, ஆகவே உமிழ்வு மிகுந்தது எனும் முடிவு பல கட்டுரைகளில் ஆராயப்படாமலே இடம்பெறுகிறது. அது எங்ஙனம் பிழைபடும் என்பதை மூன்றாம் பகுதி காட்டும்.

2. களத்தின் இயல்பு

2004 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது கிருஷ்ணகிரி மாவட்டம். அதன் வடமேற்கு முனையில் அமைந்த ஓசூர் 2019இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 1970களில் சிப்காட் தொழில் வளாகம் இங்கு அமைந்ததைத் தொடர்ந்து அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் முதலிய நிறுவனங்கள் வேரூன்றின; அண்மைக்காலத்தில் மின்வாகனம், மின்னணுவியல் ஆகிய துறைகளின் ஆலைகள் மாவட்டத்தில் எழுந்துள்ளன. பெங்களூருவின் மையத்திலிருந்து ஓசூர் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில், சரியாகத் தென்கிழக்கில் உள்ளது. இரண்டுக்கும் இடையே எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, அத்திப்பள்ளி ஆகிய தொழிற்பகுதிகள் நெடுஞ்சாலையையொட்டி இடைவெளியின்றித் தொடர்கின்றன. தேசிய நெடுஞ்சாலை 44 இவையனைத்தையும் கோத்துச் சூளகிரி வழியே கிருஷ்ணகிரிக்கு இறங்குகிறது.

இறங்குகிறது என்பது இங்கு உவமையன்று. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில் உள்ளது. கிருஷ்ணகிரி நகரம் ஏறத்தாழ 500 மீட்டரில் உள்ளது. மேற்கிலும் தென்மேற்கிலும் தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளும் மேலகிரி மலைத்தொடரும் காவிரி வடக்கு வனவுயிர்ச் சரணாலயமும் அமைந்துள்ளன. சமவெளிப் பகுதியில் கேழ்வரகும் மாந்தோப்புகளும் பரவியுள்ளன. ஆலை, சாலை, காடு, வயல் ஆகிய நான்கும் ஒரு நாளின் காற்றோட்டத்துக்குள் அடங்கும் தொலைவில் நெருங்கி நிற்பதே இக்களத்தின் தனித்தன்மை.

காற்றுத்திசையும் பருவந்தோறும் மாறுகிறது. சூன் முதல் செப்டம்பர் வரை மேற்கு – தென்மேற்குக் காற்று ஓங்கும். அப்போது பெங்களூருவின் உமிழ்வுப்புகை பெரும்பாலும் ஒசகோட்டை, மாலூர், கோலார் திசையில் செல்லும். ஓசூர் அதன் தென்விளிம்பில் நிற்கும். காற்று வடமேற்காகத் திரும்பும் மணிநேரங்களில் ஓசூர் அப்புகையின் நேர்வழியில் அகப்படும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்கு – வடகிழக்குக் காற்று வீசும்போது நிலை மாறி, ஓசூரின் உமிழ்வு ஆனேக்கல் பக்கம் நகரும். ஆகவே ஓசூரில் நிறுவப்படும் ஒரே ஒரு கருவி ஒரு பருவத்தில் கர்நாடகக் காற்றையும் மறு பருவத்தில் தமிழ்நாட்டுக் காற்றையும் அளக்கும். அதன் ஆண்டுச் சராசரி எந்த ஊருக்கும் உரியதாகாது.

3. எல்லைப்படலமும் ஓர் எளிய கணக்கும்

தரையோடு ஒட்டிக் கலக்கும் காற்றடுக்கே எல்லைப்படலம். பகலில் நிலம் சூடேறக் காற்று மேலெழுந்து கலப்பதால் அதன் உயரம் 1 கி.மீ. முதல் கோடையில் 2 கி.மீ.க்கு மேலும் வளரும். இரவில் நிலம் குளிர, அது 100 – 200 மீட்டராகச் சுருங்கும். உமிழப்படும் வாயு கலப்பதற்குரிய கலன் இதுவே. கலன் சுருங்கினால் செறிவு கூடும்.

இதனைக் கணக்காகக் காணலாம். காற்றுவழியில் 30 கி.மீ. நீளமுள்ள நகர்ப்பரப்பு, ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு 10 மைக்ரோமோல் கார்பன் டை ஆக்சைடை உமிழ்வதாக விளக்கத்தின் பொருட்டுக் கொள்வோம். 900 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 910 ஹெக்டோபாஸ்கல். ஆங்கு ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 37 மோல் காற்று உண்டு.

பிற்பகலில் காற்றின் வேகம் நொடிக்கு 3 மீட்டர், படலத்தின் உயரம் 1,000 மீட்டர் எனில், காற்று நகரைக் கடக்க 10,000 நொடி ஆகும். அதற்குள் ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலுள்ள காற்றுத்தூணிலும் 0.1 மோல் சேரும். அத்தூணிலுள்ள காற்று 37,000 மோல். எனவே செறிவின் உயர்வு ஏறத்தாழ 2.7 பி.பி.எம்.

பின்னிரவில் வேகம் நொடிக்கு 1.5 மீட்டராகவும் படலத்தின் உயரம் 150 மீட்டராகவும் குறைவதாகக் கொள்வோம். காற்று நகரைக் கடக்க 20,000 நொடி ஆகும், சேர்வது 0.2 மோல், தூணிலுள்ள காற்று 5,550 மோல். உயர்வு ஏறத்தாழ 36 பி.பி.எம்.

உமிழ்வில் எம்மாற்றமும் இல்லாதபோதே செறிவின் உயர்வு 13 மடங்கு வேறுபடுகிறது. விடியற்காலையில் சாலையோரம் அளந்த ஓர் எண்ணை நண்பகலில் வயற்புறத்தில் அளந்த எண்ணோடு ஒப்பிட்டு, வேறுபாடு முழுவதையும் போக்குவரத்தின்மேல் ஏற்றுவது எவ்வளவு பொருந்தாதது என்பது இதனால் விளங்கும். உமிழ்வைக் கணிக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் பிற்பகல் மதிப்புகளையே கொள்வதற்குக் காரணமும் இதுவே: அந்நேரத்தில் கலப்பு முழுமையாகும், படலத்தின் உயரத்தை ஓரளவு நம்பகமாகக் கணிக்கலாம். இதற்கு ஈடாக, கண்டறிய வேண்டிய உயர்வு 2 – 3 பி.பி.எம். என்னும் சிற்றளவாகச் சுருங்கிவிடுகிறது. கருவியின் நுண்மை இங்குத்தான் இன்றியமையாததாகிறது.

ஓசூரின் நில அமைப்பு மற்றொரு சிக்கலையும் சேர்க்கிறது. இரவில் பீடபூமி விளிம்பில் குளிர்ந்து கனத்த காற்று சரிவுவழித் தாழ்நிலம் நோக்கி வடியும். தாழ்நிலத்தில் அதிகாலையில் தேங்கும் செறிவில் மேட்டு நிலத்தின் பங்கும் கலந்திருக்கக்கூடும்.

4. கருவிகளும் அளவுத்திருத்தமும்

கார்பன் டை ஆக்சைடு 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அகச்சிவப்பொளியை வலுவாக உறிஞ்சும். ஒளிமூலம், காற்றறை, வடிகட்டி, உணர்வி ஆகியவற்றால் அவ்வுறிஞ்சலை அளப்பது பரவலற்ற அகச்சிவப்பு முறை. கையடக்கமான மலிவுக் கருவிகளும் இம்முறையில் இயங்குவனவே. இன்றைய ஆய்வுத்தரக் கருவிகளுள் பல ஒளித்தேய்வு நிறமாலையியலைச் சார்ந்தவை. மிகு எதிரொளிப்பு ஆடிகளால் ஆன சிறிய குழிவுக்குள் லேசர் ஒளி செலுத்தப்பட்டு நிறுத்தப்படும். உள்ளே சுழலும் ஒளி தேய்ந்து மறையும் காலம் அளக்கப்படும். வாயு மிகுந்தால் ஒளி விரைந்து தேயும். சாண் அளவுள்ள குழிவில் ஒளி பல கிலோமீட்டர் பாதையைக் கடப்பதால் நுண்ணிய வேறுபாடும் புலப்படும். ஒளியின் வலிமையைவிடத் தேயும் காலத்தையே நம்புவதால், லேசரின் ஏற்ற இறக்கம் முடிவைப் பெரிதும் பாதிப்பதில்லை. மீத்தேனையும் நீராவியையும் ஒரே கருவியில் அளக்கும் வசதியும் உண்டு.

எந்தக் கருவியாயினும் மூன்று திருத்தங்கள் இன்றியமையாதவை.

முதலாவது அழுத்தம். அகச்சிவப்புக் கருவி உண்மையில் எண்ணுவது ஒளிப்பாதையிலுள்ள மூலக்கூறுகளை. கடல்மட்டத்தில் திருத்தம் செய்யப்பட்ட மலிவுக் கருவியை அழுத்தத் திருத்தமின்றி ஓசூரில் வைத்தால், 420 என இருக்க வேண்டிய மதிப்பு ஏறத்தாழ 380 எனத் தோன்றும். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே மட்டும் அழுத்தம் ஏறத்தாழ 5 விழுக்காடு வேறுபடுவதால் 20 பி.பி.எம். அளவுக்குப் பொய்யான வேறுபாடு எழக்கூடும். பிற்பகலில் நாம் தேடும் 2.7 பி.பி.எம்.மைப் போல் இது ஏழு மடங்கு.

இரண்டாவது ஈரம். பருவமழைக் காலக் காற்றில் 2 விழுக்காடு நீராவி இருப்பின், அது பிற வாயுக்களின் பங்கைக் குறைத்து 8 பி.பி.எம். அளவுக்குத் தாழ்வான மதிப்பைத் தரும். ஆதலின் காற்றை உலர்த்தியோ கணக்கில் திருத்தியோ உலர்காற்றுப் பங்காகவே வெளியிடல் வேண்டும்.

மூன்றாவது நியம வாயு. உருளையில் அடைத்த, செறிவு அறியப்பட்ட காற்றைக் கருவிக்குக் குறித்த இடைவெளியில் ஊட்டி விலகலைத் திருத்த வேண்டும். உலக வானிலை அமைப்பின் கார்பன் டை ஆக்சைடு அளவுகோலை அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள நோவா ஆய்வகம் பேணிவருகிறது. வெவ்வேறு நாட்டு நிலையங்களின் மதிப்புகள் வட அரைக்கோளத்தில் 0.1 பி.பி.எம்.முக்குள் ஒத்திசைய வேண்டும் என்பது அவ்வமைப்பின் இலக்கு. இவ்வளவுகோலோடு பிணைக்கப்படாத அளவீட்டை ஓசூரிலும் பெங்களூருவிலும் வெவ்வேறு குழுவினர் எடுத்தால் இரண்டையும் கழித்துப் பார்க்க இயலாது. கழித்தலே இத்துறையின் அடிப்படைச் செயல்.

5. இந்தியப் பட்டறிவும் உலக முன்மாதிரியும்

இந்தியாவில் தொடக்கக்கால நிலையங்கள் பின்னணிக் காற்றை நோக்கியவை. கோவாக் கடற்கரையின் கேப் ராமாவில் 1993 முதல் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. அமைப்போடு இணைந்து குடுவைகளில் காற்று சேகரிக்கப்பட்டது. இந்திய – பிரெஞ்சுக் கூட்டு முயற்சியில் லடாக்கின் ஹான்லே, புதுச்சேரி, போர்ட் பிளேர் ஆகிய மூன்று இடங்களின் குடுவைக் காற்று பிரான்சில் பகுத்தாயப்பட்டது. புனே அருகே சிங்ககட்டிலும் ஐதராபாத்துக்குத் தெற்கே சாத்நகரிலும் அகமதாபாதிலும் பின்னர் அளவீடுகள் நிகழ்ந்தன.

நம் களத்துக்கு மிக அண்மையது பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் தனியா குகா, புரோசன்ஜித் கோஷ் ஆகியோர் நிகழ்த்திய ஆய்வு. நகரக் காற்றின் கார்பன் டை ஆக்சைடு செறிவோடு அதன் கார்பன்-13 விகிதத்தையும் அவர்கள் அளந்தனர். 2010இல் வெளியான அவர்தம் கட்டுரை குளிர்கால நாள்சுழற்சியில் இரவு எல்லைப்படலத்தின் பங்கை ஆராய்ந்தது; 2015இல் வெளியானது பருவ மாற்றங்களையும் சேர்த்து நோக்கியது. செறிவின் ஏற்ற இறக்கத்தில் மூலத்தின் பங்கையும் படலத்தின் பங்கையும் பிரித்துணர வேண்டும் என்னும் மேற்கண்ட கருத்துக்கு அவ்வாய்வு நம் வாயிலிலேயே கிடைக்கும் சான்று.

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 2010இல் தொடங்கிய திட்டம், கோபுரங்களின் வலையமைப்பு, வானூர்தி, குடுவை மாதிரிகள் ஆகியவற்றை இணைத்தது. அந்நகரைத் தேர்ந்ததற்குக் காரணம், அது சமதளத்தில் பிற பெருநகரங்களிலிருந்து விலகித் தனித்து நிற்பது. பாரிஸ் நகர ஆய்வுகளோ தனி நிலையத்தின் மதிப்பைக் காட்டிலும், காற்று நுழையும் பக்கத்துக்கும் வெளியேறும் பக்கத்துக்கும் இடையிலான வேறுபாடே உமிழ்வைத் தெளிவாகக் காட்டும் என உணர்த்தின. ஓசூர் இவ்விரண்டினின்றும் வேறானது. அது தனித்தும் நிற்கவில்லை, சமதளத்திலும் இல்லை. எனவே இண்டியானாபொலிசின் வலையமைப்பை அப்படியே பெயர்த்து நடுதல் போதாது. பாரிசின் வேறுபாட்டு முறையே இங்குப் பொருந்தும். அதுவும் பருவந்தோறும் நுழைவாயில் மாறும் என்பதை ஏற்று அமைதல் வேண்டும்.

6. மூலத்தைப் பிரித்தறிதல்: கேழ்வரகு தரும் படிப்பினை

கார்பன் டை ஆக்சைடு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதன் ஐசோடோப்பு விகிதம் துப்பளிக்கிறது. டெல்ட்டா கார்பன்-13 என்னும் அளவு, நியமப் பொருளோடு ஒப்பிட்ட விலகலை ஆயிரத்தின் பகுதியாகக் குறிக்கும். வளிமண்டலப் பின்னணி ஏறத்தாழ −8.5. பெட்ரோல், டீசல் எரிப்பில் வருவது −28ஐ ஒட்டியது. இயற்கை எரிவாயு −40ஐ ஒட்டியது. நெல், மா உள்ளிட்ட பெரும்பாலான பயிர்களும் மரங்களும் ஒளிச்சேர்க்கையின் சி-3 வழியைச் சார்ந்தவை. அவற்றின் மூச்சுக்காற்று −27 அளவில் இருக்கும். கேழ்வரகு, சோளம், கரும்பு ஆகியவை சி-4 வழியைச் சார்ந்தவை. அவற்றின் மதிப்பு −12 அளவில் இருக்கும்.

420 பி.பி.எம். பின்னணியில், முன்னர்க் கண்ட இரவுநேர உயர்வான 36 பி.பி.எம். சேர்வதாகக் கொள்வோம். சேர்வது முழுவதும் டீசல் புகையாயின் கலவையின் மதிப்பு −10.0 ஆகும். முழுவதும் கேழ்வரகு வயலின் மூச்சாயின் −8.8 ஆகும். செறிவு இரண்டிலும் 456 எனவே காட்டும். ஐசோடோப்போ இரண்டையும் வேறாக்கிக் காட்டும்.

ஆனால் மாந்தோப்பின் மூச்சு −27, டீசலின் புகை −28. இவ்விரண்டையும் கார்பன்-13 பிரிக்காது. தமிழகத்தில் கேழ்வரகு மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் கிருஷ்ணகிரியும் ஒன்று. மானாவாரிப் பருவத்தில் கேழ்வரகு நிற்கும்போது சூழலின் உயிர்மூச்சுக்குரிய மதிப்பு ஒன்றாகவும், அறுவடைக்குப் பின் மரங்களே எஞ்சும்போது வேறொன்றாகவும் இருக்கும். நகரங்களுக்கென வகுத்த நிலையான மதிப்பை ஆண்டு முழுவதும் இங்குப் பயன்படுத்தினால், பயிர் மாறியதை ஆலையின் உமிழ்வு மாறியதாகக் கொள்ளும் பிழை நேரும்.

இதற்குத் தீர்வு கதிரியக்கக் கார்பன்-14. அதன் அரைவாழ்வு 5,730 ஆண்டுகள். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்திருந்த எரிபொருளில் அது எஞ்சுவதில்லை. உயிருள்ள பயிரின் மூச்சில் அது உண்டு. புதைபடிவ மூலத்திலிருந்து 1 பி.பி.எம். சேர்ந்தால் காற்றின் கார்பன்-14 விகிதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 2.5 பகுதி தாழும். முடுக்கி நிறைநிறமாலை முறையால் இத்தாழ்வை அளக்க முடியும். அதற்குரிய வசதி புதுதில்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையத்திலும் அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்திலும் உண்டு. செலவு மிகுந்த முறையாதலின், தேர்ந்தெடுத்த நாட்களின் குடுவை மாதிரிகளுக்கு மட்டும் இதனைப் பயன்படுத்தி, இடைப்பட்ட காலத்துக்குக் கார்பன் மோனாக்சைடு விகிதத்தைத் துணையளவாகக் கொள்ளலாம். விறகும் சருகும் எரிவதாலும் கார்பன் மோனாக்சைடு எழும் என்பதால் அதனைத் தனித்து நம்புதல் தகாது.

7. மீத்தேன்: ஆறு கடக்கும் எல்லை

காற்றைப் போலவே ஆறும் மாநில எல்லையைக் கடக்கிறது. பெங்களூருவின் கழிவுநீரில் ஒரு பகுதி பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாகத் தென்பெண்ணையை அடைகிறது. ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழைந்தவுடன் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தேங்குகிறது. அணையிலிருந்து நுரை பொங்க நீர் வெளியேறும் காட்சியைச் செய்தித்தாள்கள் பலமுறை வெளியிட்டுள்ளன. நுரை கண்ணுக்குப் புலப்படுவது, மீத்தேன் புலப்படாதது. கரிமக் கழிவு மிகுந்த நீர் தேங்கி ஆக்சிஜன் தீரும்போது, அடிச்சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். அது குமிழிகளாகவும் கரைந்த நிலையிலிருந்து பரவியும் காற்றில் கலக்கும்.

மீத்தேனின் வளிமண்டலச் செறிவு ஏறத்தாழ 1.9 பி.பி.எம். மட்டுமே. ஆயினும் 100 ஆண்டுக் கால அளவில் ஒரு கிலோ மீத்தேன், கார்பன் டை ஆக்சைடைப் போல் 27 முதல் 30 மடங்கு வெப்பவிளைவு உடையது.

உமிழ்வுப் பட்டியலில் கழிவுநீர் மீத்தேன் பெரும்பாலும் அக்கழிவை உண்டாக்கும் மக்கள்தொகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. அவ்வழியில் இது பெங்களூருவின் கணக்கு. வளிமண்டல அளவீட்டிலோ வாயு எங்கு எழுகிறதோ அங்கேயே பதிவாகும். அவ்வழியில் இது கெலவரப்பள்ளியின் கணக்கு. இரண்டு முறைகளும் தத்தம் அளவில் சரியானவையே. ஆனால் ஒன்றை மற்றொன்றால் சரிபார்க்க முற்படுவோர் இவ்வேறுபாட்டை அறியாவிடில், கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கால்நடைக்கும் நெல்வயலுக்கும் உரியதல்லாத மீத்தேனை அவற்றின்மேல் சுமத்த நேரிடும். சீராக்கும் வழியும் வேறுபடும்: இங்குத் தேவை உழவர்க்கான கட்டுப்பாடன்று, மேல்நிலையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு.

கார்பன் டை ஆக்சைடிலும் இத்தகைய எல்லைச் சிக்கல் உண்டு. இரு மாநிலங்களின் எரிபொருள் வரி வேறுபடுவதால் ஒரு பக்கம் நிரப்பிய டீசல் மறுபக்கம் எரிகிறது. விற்பனைப் புள்ளிவிவரம் நிரப்பிய இடத்தைச் சொல்லும். காற்று எரிந்த இடத்தைச் சொல்லும்.

8. செயற்கைக்கோள் நோக்கு

ஜப்பானின் கோசாட் 2009 சனவரியிலும், அமெரிக்காவின் ஓ.சி.ஓ.-2 2014 சூலையிலும், மீத்தேனை நோக்கும் ட்ரோப்போமி கருவி தாங்கிய ஐரோப்பியச் செயற்கைக்கோள் 2017 அக்டோபரிலும் ஏவப்பட்டன. இவை தரையில் எதிரொளித்த சூரிய ஒளியிலிருந்து, வளிமண்டலத்தின் முழுத்தூணிலும் உள்ள சராசரிச் செறிவைத் தருகின்றன. தூண் முழுவதையும் நோக்குவதால் எல்லைப்படலத்தின் உயரம் இங்குப் பெரிதாக இடர்தராது. இது இம்முறையின் சிறப்பு.

இதன் வரம்பை முன்னைக் கணக்காலேயே அறியலாம். ஓசூரின் மேல் முழுத்தூணிலும் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3,20,000 மோல் காற்று உண்டு. பிற்பகலில் சேரும் 0.1 மோல் அதில் 0.3 பி.பி.எம். உயர்வை மட்டுமே உண்டாக்கும். ஓ.சி.ஓ.-2இன் தனி அளவீட்டின் துல்லியமும் ஏறத்தாழ இவ்வளவினதே அல்லது இதனினும் குறைந்ததே. எனவே பல கடப்புகளைத் தொகுத்தே முடிவு காண இயலும். அது ஓரிடத்துக்கு 16 நாட்களுக்கு ஒருமுறையே திரும்பும். பருவமழை மேகம் பல கடப்புகளை மறைக்கும். இரவில் நோக்க இயலாது. தரையில் வைத்துச் சூரியனை நோக்கும் சிறு நிறமாலைமானிகள் இவ்விடைவெளியை நிரப்பக்கூடியவை. 2014ஆம் ஆண்டுக் கோடையில் பெர்லின் நகரைச் சுற்றி ஐந்து நிறமாலைமானிகளை நிறுத்தி, நுழையும் தூணுக்கும் வெளியேறும் தூணுக்கும் உள்ள வேறுபாட்டை ஆய்வாளர் அளந்தனர். மேகமற்ற சனவரி – மார்ச்சு மாதங்களில் ஓசூர் மண்டலத்துக்கும் இது பொருந்தும்.

9. களத்துக்கேற்ற நிலைய அமைப்பு

மேற்கண்டவற்றிலிருந்து இம்மண்டலத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச அமைப்பை வருவிக்கலாம்.

(அ) தளி – தேன்கனிக்கோட்டைக் காட்டுமேட்டில் ஒரு நிலையம். மேற்குக் காற்றுப் பருவத்தில் இது நுழையும் காற்றின் பின்னணியைத் தரும்.

(ஆ) ஜூஜூவாடி – அத்திப்பள்ளி எல்லையில் ஒரு நிலையம். வடமேற்குக் காற்றில் பெங்களூருவிலிருந்து வருவதையும், கிழக்குக் காற்றில் ஓசூரிலிருந்து செல்வதையும் இது பதியும்.

(இ) பாகலூர் – பேரிகைப் பகுதியில் ஒரு நிலையம். தென்மேற்குப் பருவத்தில் நகரப்புகையின் விளிம்பை இது உணரும்.

(ஈ) சூளகிரிக்குக் கிழக்கே பீடபூமி விளிம்பில் ஒரு நிலையம். கிழக்குக் காற்றுப் பருவத்தில் இதுவே பின்னணி நிலையமாகும்.

(உ) கெலவரப்பள்ளி நீர்த்தேக்கக் கரையில் மீத்தேனுக்கென ஒரு நிலையம்.

ஐந்திலும் ஒரே அளவுகோலோடு பிணைந்த நியம வாயு, காற்றுத்திசை – வேக அளவி, அழுத்தமானி ஆகியவை அமைதல் வேண்டும். காற்றை உறிஞ்சும் குழாய் சாலைமட்டத்தில் அமையாமல் கோபுரத்தின் உயரத்தில் அமைதல் நலம். மலிவு உணர்விகளைத் தொழிற்பேட்டைக்குள் நெருக்கமாக நிறுவுவது உள்மாறுபாடுகளைக் காட்டும். அமெரிக்காவின் பெர்க்லி வட்டாரத்தில் ஏறத்தாழ 2 கி.மீ. இடைவெளியில் இத்தகைய வலையமைப்பு இயங்குகிறது. ஆயினும் அவ்வுணர்விகளை மேற்கண்ட நிலையங்களோடு அவ்வப்போது ஒப்பிட்டுத் திருத்தியே பயன்படுத்த வேண்டும். எல்லை நிலையத்தின் தரவு இரு மாநில ஆய்வாளருக்கும் பொதுவாகத் திறந்திருந்தால்தான் கழித்தல் இயலும்.

முடிவுரை

செறிவு என்பது காற்று எழுதும் கூட்டுத்தொகை. அதில் ஆலையும் வாகனமும் வயலும் காடும் கழிவுநீரும் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. எல்லைப்படலமும் காற்றும் அத்தொகையைப் பெருக்கியும் குறைத்தும் காட்டுகின்றன. ஒரே உமிழ்வு பகலில் 2.7 பி.பி.எம். ஆகவும் இரவில் 36 பி.பி.எம். ஆகவும் தோன்றும் என்பதையும், அழுத்தத் திருத்தம் இல்லாத கருவி 20 பி.பி.எம். அளவுக்குப் பொய்வேறுபாடு காட்டும் என்பதையும், கேழ்வரகின் பருவம் ஐசோடோப்புக் கணக்கை மாற்றும் என்பதையும் இக்கட்டுரை காட்டியது. இவற்றைக் கருதாமல் வெளியிடப்படும் ஒற்றை எண், துல்லியமான கருவியில் எடுக்கப்பட்டதாயினும் பொருளற்றதாகும்.

ஓசூர் – கிருஷ்ணகிரி மண்டலத்தில் இது அறிவுத்துறைக் கேள்வியோடு நில்லாது. வரும் ஆண்டுகளில் உமிழ்வுக் குறைப்பின் சுமையும் பயனும் மாவட்டவாரியாகவும் தொழில்வாரியாகவும் பங்கிடப்படுமாயின், பெங்களூருவின் புகைக்கு ஓசூர் பொறுப்பேற்பதும், ஓசூரின் புகை கணக்கில் வராமல் ஆனேக்கல் பக்கம் நழுவுவதும் ஒருங்கே நிகழக்கூடும். இரு பிழைகளையும் தவிர்ப்பதற்கு எல்லையின் இரு பக்கமும் ஒரே அளவுகோலில் அளக்கப்பட்ட தொடர் தரவு வேண்டும். அப்பணியில் இயற்பியல், வேதியியல், புவியியல், வேளாண்மைத் துறையினர் இணைந்து ஈடுபடுதற்கு உரிய களமாக இவ்வட்டாரம் விளங்குகிறது.